நான் ரோபோ அல்லேன்

"சார், உங்க ஃபார்ம்ல பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொடச் சொல்லுது. நான் பஸ்ஸைச் சத்தத்துலதான் கண்டுபிடிப்பேன்."

ஃபோனில் இப்படிச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இசை ஆசிரியர் அவர். பிறவியிலேயே பார்வை இல்லை. வருஷத்துக்கு மூன்று முறையாவது ரத்தம் கொடுக்கிறவர்.

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறோம். முதலில் ஒரு நோட்டு, அப்புறம் எக்செல், அப்புறம் இணையத்தில் ஒரு படிவம். பெயர், ரத்த வகை, ஊர், கைபேசி எண், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. ஐந்தே கட்டங்கள். நான் அச்சகம் நடத்துகிறவன். இணைய வேலை அரைகுறையாகக் கற்றுக்கொண்டது என்றாலும், குழுவில் அந்த அரைகுறைகூட வேறு யாருக்கும் தெரியாததால் படிவம் என் தலையில் விழுந்தது.

மூன்றாவது மாதம் ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால் முந்நூறுக்கும் மேல் புதுப் பதிவுகள். ஊரே திரண்டுவிட்டது என்று ஒரு நொடி பூரித்துப் போனேன். எல்லாம் குப்பை. சூதாட்டத் தள விளம்பரம், மாத்திரை விளம்பரம், ரஷ்ய எழுத்தில் ஏதேதோ. ரத்த வகை கேட்ட கட்டத்தில் 'கடன் வேண்டுமா' என்று கேட்டிருந்தது ஒரு பாட், அதாவது தானாகவே படிவம் நிரப்பும் நிரல். வேடிக்கையாகத் தோன்றலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ஏபி நெகட்டிவ் தேடி அந்தப் பட்டியலைப் புரட்டுகிறவருக்கு வேடிக்கை இல்லை. அதனால் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். பஸ், சைக்கிள், சிக்னல் படங்களைக் காட்டி 'இதில் எதில் இருக்கிறது' என்று கேட்கும் கேப்ட்சாவைப் பத்து நிமிஷத்தில் மாட்டினேன். குப்பை நின்றது. ஆசிரியரும் நின்றுபோனார், வாசலுக்கு வெளியே.

படம் தெரியாதவர்களுக்கு ஹெட்ஃபோன் பொத்தான் ஒன்று இருக்கிறதே என்றேன். அதையும் அழுத்திப் பார்த்தாராம். தகரக் கூரையில் மழை பெய்யும்போது ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்பது போல, இரைச்சலுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரக் குரல். மூன்று முறை முயன்றிருக்கிறார். சுருதி பிசகினால் தூக்கத்திலும் கண்டுபிடிக்கிற காது அவருடையது. அந்தக் காதாலேயே முடியவில்லை.

அந்தப் பெட்டிகளில் 'நான் ரோபோ அல்ல' என்று தமிழில் எழுதுவது வழக்கம். அச்சகக்காரனின் கண்ணுக்கு அது எப்போதும் உறுத்தும். இலக்கணப்படி 'அல்ல' அஃறிணைப் பன்மைக்கு உரியது. தன்னைப் பற்றிச் சொல்கிறவர் 'அல்லேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆக, நான் எந்திரம் இல்லை என்று நிரூபிக்கப் போய், முதல் வரியிலேயே நம்மை அஃறிணையில் சேர்த்துக்கொண்டு டிக் அடிக்கிறோம்.

இந்தச் சோதனைக்குக் கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. 1997 வாக்கில் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறியில், யார் வேண்டுமானாலும் தளங்களைச் சேர்க்கலாம் என்று வைத்திருந்த இடத்தில் தானியங்கி நிரல்கள் புகுந்தன. அங்கிருந்தவர்கள் கோணல்மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி, அதைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். 2000இல் யாஹூவுக்கும் இதே தலைவலி வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மானுவல் பிளம், அவருடைய மாணவர் லூயிஸ் வான் ஆன் முதலியோர் இதை ஒரு கோட்பாடாக வளர்த்துக் கேப்ட்சா என்று பெயர் வைத்தார்கள். எதிரில் இருப்பது எந்திரமா என்று மனிதர் கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆலன் டூரிங் 1950இல் முன்வைத்தார். கேப்ட்சாவில் நாற்காலிகள் மாறிவிட்டன. கேள்வி கேட்பது எந்திரம், கூண்டில் நிற்பது நாம்.

எழுத்தைப் படிக்கச் சொன்ன காலத்தில் அந்த உழைப்புக்கு ஒரு பலனாவது இருந்தது. 2007இல் வந்த ரீகேப்ட்சா, பழைய நியூயார்க் டைம்ஸ் இதழ்களை ஸ்கேன் செய்தபோது கணினிக்குப் புரியாமல் போன சொற்களை நம்மிடம் கொடுத்துப் படிக்க வைத்தது. 2009இல் கூகுள் அதை வாங்கியது. 2014இல் கூகுளே ஒப்புக்கொண்டது: மிகக் கடினமான கோணல் எழுத்தையும் தங்கள் நிரல் 99.8 சதவீதம் சரியாகப் படித்துவிடுகிறது என்று. அப்புறம்தான் படங்கள் பெருகின. பெரும்பாலும் அமெரிக்கத் தெருக்கள். என் அம்மாவிடம் ஒருமுறை தீயணைப்புத் தண்ணீர்க் குழாயைத் தேடச் சொன்னது. நடைபாதை ஓரத்தில் குட்டையாக, சிவப்பாக ஒன்று. "இது பலிபீடமாடா?" என்று கேட்டாள். எழுபது வயதில், பார்த்தே இராத ஒரு தெருவை அடையாளம் காட்டினால்தான் மனுஷி. படங்களும் இப்போது விழுந்துவிட்டன. சூரிச்சில் உள்ள ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல், யாருக்கும் கிடைக்கிற படமறியும் நிரல் ஒன்றைப் பயிற்றி, ரீகேப்ட்சாவின் படப் புதிர்களை நூற்றுக்கு நூறு தீர்த்துக் காட்டினார்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இன்னும் மலிவான வழி ஒன்று எப்போதுமே இருந்தது. மனிதர்களைக் கூலிக்கு வைப்பது. 'வீட்டிலிருந்தே டைப் செய்து சம்பாதிக்கலாம்' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருந்த நோட்டீஸ்கள் நினைவிருக்கிறதா? அவற்றில் சில என் அச்சகத்தில் அடித்தவைதான். எங்கள் தெருப் பையன் ஒருவன் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேப்ட்சா அடித்தான். எங்கோ ஒரு பாட் முன்னால் வரும் புதிர் இவன் திரைக்கு வரும். இவன் அடிக்கும் விடை அந்தப் பாட் நிரலுக்குப் போகும். ஆயிரம் அடித்தால் நாற்பது ரூபாய் போல வந்தது என்றான். கண் எரிச்சல் தனி. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இந்தச் சந்தையில் விலை கொடுத்து விடைகளை வாங்கி ஆராய்ந்தார்கள். ஆயிரம் விடை ஒரு டாலருக்கே கிடைத்தது. எந்த நாட்டில் உட்கார்ந்து அடிக்கிறார்கள் என்று அறிய, பல மொழிகளில் புதிர் வைத்துப் பார்த்தார்கள். அந்த மொழிகளில் தமிழும் இருந்தது. சரிபார்ப்புக்காக, அறிவியல் புனைகதைக்கென்று உருவாக்கிய கிளிங்கான் மொழியையும் சேர்த்திருந்தார்கள். எந்திரத்தைத் தடுக்க வைத்த பூட்டைத் திறக்க, எந்திரத்துக்கு மனிதன் கூலியாள்.

2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஜிபிடி-4 அறிக்கையில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆய்வாளர்கள் வைத்த சோதனையில், அந்தச் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒரு கேப்ட்சாவைத் தீர்த்துத் தரும்படி, சில்லறை வேலைகளுக்குக் கூலியாள் பிடித்துத் தரும் டாஸ்க்ராபிட் தளத்தில் ஒரு பணியாளரிடம் உதவி கேட்கிறது. அவர் சந்தேகப்பட்டு, நீ ரோபோவா என்று விசாரிக்கிறார். இல்லை, எனக்குப் பார்வைக் குறைபாடு, அதனால் படம் தெரியவில்லை என்று அது பதில் சொல்கிறது. அவரும் தீர்த்துக் கொடுத்துவிடுகிறார். இதைப் படித்தபோது இசை ஆசிரியரைத்தான் நினைத்துக்கொண்டேன். கண் தெரியாது என்று பொய் சொன்ன எந்திரம் உள்ளே போய்விட்டது. நிஜமாகவே தெரியாதவரை என் படிவம் வெளியே நிறுத்தியிருந்தது.

ஆசிரியர் ஃபோனில் பேசிய அன்றே கேப்ட்சாவைக் கழற்றிவிட்டேன். கழற்றினால் குப்பை வருமே. அடுத்த நாலு மாதம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன்.

முதலில் வந்தது அபாரமான யோசனை என்று நான் நினைத்துக்கொண்ட ஒன்று. தமிழில் ஒரு கேள்வி கேட்பது. தைப் பொங்கலுக்கு மறுநாள் என்ன பொங்கல்? ஊர் ஊராகச் சுற்றும் பாட் நிரலுக்கு என் ஒரு படிவத்துக்காகத் தமிழ் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அது சரியாகத்தான் வேலை செய்தது. மனிதர்கள்தான் தோற்றார்கள். விடை என்று நான் வைத்திருந்தது 'மாட்டுப் பொங்கல்'. ஒருவர் 'மாட்டு பொங்கல்' என்று எழுதினார். இன்னொருவர் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதினார். 'மாட்டுபொங்கல்', வெறும் 'மாடு', ஆங்கில எழுத்தில் ஒன்று. 'ப்' போட்டால் மனிதன், போடாவிட்டால் ரோபோ என்று ஒற்றுப்பிழைக்கு இப்படி ஒரு தண்டனையைத் தமிழாசிரியர்கள்கூட விதித்ததில்லை.

இதைவிட விசித்திரமான ஒன்று: ஒருவர் அச்சு அசலாக 'மாட்டுப் பொங்கல்' என்றே எழுதி, நிரல் தவறு என்றது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கணினியில் எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் 'பொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினி ஒப்பிட்டால் வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரி தெரியாமல் யார் யாரையெல்லாம் திருப்பி அனுப்பினேனோ. போதாக்குறைக்கு, மலேசியாவில் வளர்ந்த ஒரு பெண் விடை தெரியாமல் எனக்கு எழுதினாள். மாட்டுப் பொங்கல் தெரியாதவள் ரத்தம் கொடுக்கக் கூடாதா என்ன? கேள்வியை எடுத்தேன்.

அடுத்தது பொறி. யானையைப் பிடிக்கக் குழி வெட்டி, மேலே தழை பரப்பி வைப்பார்களே, அந்த மாதிரி. படிவத்தில் ஆறாவதாக ஒரு கட்டம் வைத்து அதை மனிதர் கண்ணில் படாமல் மறைத்துவிடுவது. பாட் பக்கத்தைப் பார்ப்பதில்லை, அதன் மூல நிரலைத்தான் வாசிக்கிறது. காலிக் கட்டம் எதைக் கண்டாலும் நிரப்புகிற பழக்கம் அதற்கு. மறைந்த கட்டம் நிரம்பி வந்தால் அனுப்பியது மனிதர் இல்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் இதை ஹனிபாட் என்பார்கள். முதல் வாரமே குப்பையில் பெரும்பகுதி குழிக்குள் விழுந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் கிடைத்த பலன் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

இதிலும் சறுக்கினேன். கண்ணுக்கு மறைத்ததை, பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரிடமிருந்தும் மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஆசிரியரின் கணினி அந்தக் கட்டத்தையும் வாய்விட்டு வாசித்தது. அவர் பொறுப்பாக நிரப்பினார். இரண்டாவது முறையும் நான் அவரைக் குழியில் தள்ளினேன். அதைச் சரிசெய்து, கட்டம் விட்டுக் கட்டம் தாவ உதவும் டேப் பொத்தானுக்கும் அகப்படாமல் வைத்து முடித்தால், பிரவுசர் தன் பங்குக்கு வந்தது. அந்தக் கட்டத்துக்கு 'முகவரி' என்று நான் பெயர் வைத்திருந்தேன். பெயர், முகவரியைத் தானாகவே நிரப்பித் தரும் வசதி பிரவுசரில் உண்டல்லவா, அது மறைந்த கட்டத்தையும் சேர்த்து நிரப்பிவிட்டது. நல்ல மனிதர்கள் பதினோரு பேர் சத்தமில்லாமல் குப்பைக்குப் போயிருந்தார்கள். 'பதிந்துவிட்டோம்' என்று நம்பிக் காத்திருந்தார்கள். படப்புதிராவது முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துகிறது. நான் உள்ளே வாங்க என்று சொல்லிக்கொண்டே வெளியேற்றியிருக்கிறேன். இதுதான் எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உறைத்தது.

அதோடு நேரத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். பக்கம் திறந்து மூன்று நொடிக்குள் ஐந்து கட்டம் நிரம்பி வந்தால் சந்தேகம். நல்ல வழிதான், தனியாக நம்ப முடியாது.

பிறகு வேலை வாங்கும் முறை. மனிதரைப் புதிர் போடச் சொல்லாமல், அவர் கையில் இருக்கும் கருவியைக் கணக்குப் போடச் சொல்வது. யோசனை பழசு. சிந்தியா ட்வொர்க்கும் மோனி நாவோரும் 1992இல், குப்பை மின்னஞ்சலைத் தடுக்க ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சிறு கணக்கைக் கட்டணமாக வசூலிக்கலாம் என்றார்கள். ஆடம் பேக் 1997இல் ஹாஷ்கேஷ் என்று அதைச் செய்தே காட்டினார். வழக்கமான அளவில் அந்தக் கணக்குக்கு விடை கிடைக்கச் சராசரியாகப் பத்து லட்சம் முறைக்கும் மேல் முயல வேண்டும். ஒரு கடிதம் அனுப்புகிறவருக்கு அது கண் சிமிட்டும் நேரம், ஒரு கோடி கடிதம் அனுப்புகிறவருக்குக் கரண்ட் பில். பிட்காயினின் அடிப்படையிலும் இதே கணக்குதான் இருக்கிறது. 2025 தொடக்கத்தில், செயற்கை நுண்ணறிவுக்குத் தீனி தேடும் நிரல்கள் சிறு தளங்களை மொய்த்து சர்வர்களைத் திணறடித்தபோது, க்ஸீ யாசோ என்ற நிரலாளர் இதே யோசனையில் அனுபிஸ் என்ற காவல் நிரலை எழுதினார். எகிப்தியர்களின் நம்பிக்கையில் இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைக்கும் தெய்வத்தின் பெயர். கட்டற்ற மென்பொருள்காரர்கள் பலர் அதை மாட்டியிருக்கிறார்கள். நானும் இந்த வகைச் சிறு நிரல் ஒன்றை மாட்டினேன். என் கணினியில் அரை நொடி. ஆறாயிரம் ரூபாய் பழைய ஃபோனில் பதினைந்து நொடி ஓடி, ஃபோன் சூடானது. காசு இருக்கிறவனுக்கு அரை நொடிக் கட்டணம், இல்லாதவனுக்குப் பதினைந்து நொடி. கணக்கின் கடினத்தை நன்றாகக் குறைத்து வைத்திருக்கிறேன். ஆசிரியரைப் பொறுத்தவரை, தன்னிடம் எதுவும் கேட்கப்பட்டதே அவருக்குத் தெரியவில்லை.

பெரிய நிறுவனங்களின் கதை வேறு. 2018இல் வந்த ரீகேப்ட்சாவின் மூன்றாம் வடிவம் புதிரே போடாது. நம் நடமாட்டத்தைக் கவனித்து 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். தளங்கள் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் குக்கீ என்ற அடையாளக் குறிப்புகளை அழித்துவிட்டு வருகிறவர், தன்னை மறைத்துக்கொள்ள விரும்புகிறவர் எல்லாம் அதன் கண்ணில் சந்தேகப் பேர்வழிகள். இணையதளங்களுக்குக் காவல் நிற்கும் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2021இல் ஒரு கணக்குச் சொன்னது: ஒரு புதிருக்கு 32 நொடி என்று வைத்தால், மனிதகுலம் தினமும் சுமார் 500 ஆண்டுகளை இதில் வீணாக்குகிறது. அடுத்த ஆண்டே டர்ன்ஸ்டைல் என்று புதிரில்லாத மாற்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிரவுசரைப் பின்னாலிருந்து சோதித்துப் பார்த்து விட்டுவிடும்.

இவற்றில் எனக்கு அழகாகப் படுவது சீட்டு முறை. ஓர் இடத்தில் ஒருமுறை நம்பிக்கை பெற்றுவிட்டால், அவர்கள் கையெழுத்திட்ட சீட்டுகளைக் கொடுப்பார்கள். மற்ற வாசல்களில் சீட்டை நீட்டினால் போதும். நீட்டியவர் யார் என்று சீட்டைக் கொடுத்தவருக்கே தெரியாது. எப்படி? டேவிட் சௌம் 1982இல் முன்வைத்த குருட்டுக் கையொப்பம். கார்பன் தாள் வைத்த உறைக்குள் சீட்டைப் போட்டு ஒட்டிக் கொடுங்கள். அவர் உறைக்கு மேல் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து உள்ளே சீட்டில் பதியும். உறையைப் பிரித்தால், அவர் பார்த்தே இராத சீட்டில் அவருடைய கையெழுத்து. காலமெல்லாம் கார்பன் தாளோடு பில் புத்தகம் அடித்துக் கொடுத்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். இந்த யோசனையின் மேல்தான் பிரைவசி பாஸ் என்ற சீட்டு முறை நிற்கிறது. 2022இல் ஐஓஎஸ் 16 வந்தபோது ஆப்பிள் இதைத் தன் கருவிகளிலேயே வைத்துவிட்டது. அங்கே நமக்கு ஜாமீன் நிற்பது நம் ஃபோன். புது ஃபோன் நல்ல ஜாமீன்தாரர். நிறுவனம் கைவிட்ட பழைய ஃபோனின் ஜாமீன் செல்லாது. கூகுள் 2023இல் பிரவுசருக்கே இப்படி நற்சான்று கேட்கும் திட்டம் ஒன்றை முன்வைத்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டது.

நம் ஊரில் இந்தச் சண்டை உச்சத்தில் நடக்கும் இடம் தட்கல். காலை பத்து மணி, ஏசி வகுப்பு. முதல் ஐந்து நிமிஷத்தில் உள்ளே வர முயல்பவற்றில் பாதி வரை பாட்கள் என்று ரயில்வே 2025இல் அறிவித்தது. இரண்டரைக் கோடி பயனர் கணக்குகளை முடக்கியதாகவும் சொன்னது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் இணையத்தில் தட்கல், 15 முதல் ஓடிபியும் வேண்டும். தட்கலுக்கு அது சரிதான் என்பது என் கட்சி. பயணச்சீட்டில் எப்படியும் பெயர் இருக்கிறது, ஏறினால் அடையாள அட்டை காட்டத்தான் போகிறோம். அதைப் பார்த்துவிட்டு எங்கள் குழுவில் ஒருவர், "நாமளும் ஆதார் கேட்டுடலாமே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ மனிதனா என்ற கேள்விக்கு நீ யார் என்ற கேள்வியை மாற்றாக வைப்பது, ஈக்கு வீட்டைக் கொளுத்துகிற கதை. 2023 ஜூலையில் உருண்டை வடிவக் கருவியால் கருவிழியைப் பதிந்துகொண்டு மனிதர் என்று சான்று தர ஒரு நிறுவனம் கிளம்பியது. அடுத்த மாதமே கென்யா அதை நிறுத்திவைத்தது. கருவிழியைக் காட்டு என்று என் ஆசிரியரிடம் யார் போய்க் கேட்பது?

இப்போது எங்கள் படிவத்தில் மறைந்த கட்டம் இருக்கிறது, நேரக் கணக்கு இருக்கிறது, லேசான ஒரு கணக்கும் பின்னால் ஓடுகிறது, தேதிக் கட்டத்தில் தேதிதான் இருக்கிறதா என்றும் நிரல் பார்க்கிறது. எதில் மாட்டினாலும் பதிவை அழிப்பதில்லை. தனிப் பட்டியலுக்குப் போகும். எங்கள் தாத்தா வீட்டில் திண்ணை இருந்தது. வழியில் போகிறவர் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், படுக்கலாம். யார், என்ன என்பதெல்லாம் வீட்டுக்குள் கூப்பிடும்போதுதான். இந்தப் பட்டியலுக்கும் திண்ணை என்றே பெயர் வைத்திருக்கிறோம். தினமும் ராத்திரி யாராவது ஒருவர் பத்து நிமிஷம் அதைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. பெரும்பாலும் சூதாட்டம், மாத்திரை.

போன செவ்வாய்க்கிழமை என் முறை. திண்ணையில் ஒரே ஒரு பதிவு உட்கார்ந்திருந்தது. பெயர், ஓ நெகட்டிவ், ஒட்டன்சத்திரம், கைபேசி எண். கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்ற இடத்தில், 'பெரிய பொண்ணு சடங்குக்கு முந்துன வாரம்' என்று இருந்தது. தேதி வடிவத்தில் இல்லாததால் நிரல் சந்தேகப்பட்டிருக்கிறது. பாட்கள் தேதியை எப்போதும் சரியாகவே போடும்.

ஃபோன் போட்டேன். "அது எப்பங்க, சடங்கு?" என்று கேட்டேன்.